வானத்தைப் பார்த்துத் திருத்தியவர்

சனிப்பெயர்ச்சி எப்போது? 2025-இல் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. திருக்கணிதப் பஞ்சாங்கம் மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் வரை பொறுத்திருக்கச் சொன்னது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2025-இல் பெயர்ச்சி விழா இல்லை. வானத்தில் இருப்பது ஒரே சனிதான். ஆனால் கணக்குகள் இரண்டு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு.

முன்னோர் வகுத்த கணக்கை அப்படியே வைத்துக்கொள்வதா, கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதா என்ற இந்த வழக்கு 500, 600 ஆண்டுகளுக்கு முன்பே கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் ஆழமாக விவாதிக்கப்பட்டது. அதில் மிகத் தெளிவாகப் பேசியவர் நீலகண்ட சோமயாஜி. கணக்கு வானத்தோடு பொருந்தாவிட்டால் திருத்த வேண்டியது கணக்கைத்தான் என்றார். அப்படித் திருத்துவது முன்னோரை அவமதிப்பது ஆகாது, அவர்கள் விட்டுச்சென்ற வேலையைத் தொடர்வதுதான் என்றும் வாதிட்டார். கோள்களின் கணக்கிலும் வட்டத்தின் கணக்கிலும் அவர் செய்தவை இன்று உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அவருடைய பெரிய கொடை, திருத்துவதற்கு அறிஞருக்குள்ள உரிமையை நூல் எழுதி நிலைநாட்டியதுதான்.

பாரதப்புழை ஆனைமலைப் பகுதியில் பிறந்து, பொன்னானியில் அரபிக்கடலில் சேர்கிறது. நிளா என்பது அதன் செல்லப்பெயர். அதன் முகத்துவாரத்துக்கு வடக்கே, இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் திரூர் நகரைச் சுற்றிச் சில ஊர்கள் உண்டு: திருநாவாய், ஆலத்தியூர், திரிக்கண்டியூர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இந்தச் சிறு வட்டாரத்தில் ஆசிரியர், மாணவர், அவருடைய மாணவர் என்று 200 ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் ஓடியது ஒரு கணித மரபு.

அதன் தலைமகன் சங்கமகிராமத்து மாதவன். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். முடிவில்லாமல் நீளும் எண்தொடர்களைக் கூட்டி வட்டத்தின் சுற்றளவைக் காணும் வழி அவருடையது. அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. பின்வந்தவர்கள் மேற்கோள் காட்டியதால்தான் அவருடைய கண்டுபிடிப்புகள் பிழைத்தன. அவரிடம் கற்றவர் ஆலத்தியூர் வடசேரி இல்லத்துப் பரமேசுவரன். பரமேசுவரன் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர். 1393 முதல் 1432 வரை தாம் பார்த்த கிரகணங்களை நூலில் பதிந்து வைத்தார். கிரகணங்களையும் கோள் சேர்க்கைகளையும் அவர் 55 ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததாக நீலகண்டர் எழுதுகிறார். அந்த உழைப்பின் பயனாக 1431-இல் பிறந்தது பரமேசுவரனின் 'திருக்கணிதம்' என்ற நூல். கேரளத்தில் 683 முதல் வழங்கிவந்த 'பரகிதம்' என்ற கணக்குமுறை வானத்திலிருந்து விலகிவிட்டது என்று கண்டு அதைத் திருத்திய நூல் அது.

நீலகண்டர் 1444 ஜூனில் திரிக்கண்டியூரில் பிறந்தார். கேளல்லூர் இல்லம். தந்தை ஜாதவேதர். சோம வேள்வி செய்ததால் சோமயாஜி ஆனார். கல்வி கற்க அவர் போன இடம் ஆலத்தியூரில் பரமேசுவரனின் வீடு. அங்கே பரமேசுவரனின் மகன் தாமோதரன் அவருக்கு வானியலும் கணிதமும் கற்பித்தார். இரவி என்ற ஆசிரியரிடம் வேதாந்தம் படித்தார். தர்க்கம், மீமாம்சை, இலக்கணம் எல்லாம் கைவந்தவர். சாத்திரம் ஏன் சரி, எந்த அளவுக்குச் சரி என்று வாதிட அவருக்குக் கைகொடுத்தது இந்தப் படிப்புதான். ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தவர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

அவருடைய முதன்மை நூல் 'தந்திரசங்கிரகம்'. எட்டு அதிகாரங்கள், 432 சுலோகங்கள். கோள்களின் இருப்பிடம், நிழலைக் கொண்டு நேரமும் திசையும் காணுதல், சந்திர கிரகணம், சூரிய கிரகணம், பிறையின் கொம்பு எந்தப் பக்கம் உயர்ந்து தோன்றும் என்பது வரை அதில் உண்டு. நிழல் பற்றிய அதிகாரத்தில் ஒரு பகுதி அவருடைய மனப்போக்கைக் காட்டும். வானக்கோளத்தில் ஐந்து அளவுகளை எடுத்துக்கொள்கிறார். அவற்றில் எவையேனும் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் காணலாம். ஐந்திலிருந்து இரண்டைத் தெரிவு செய்ய பத்து வழிகள் உண்டு. அந்தப் பத்தையும், ஒன்றுகூட விடாமல், முறைப்படி தீர்த்து வைக்கிறார்.

நூலின் முதல் சுலோகத்திலும் கடைசிச் சுலோகத்திலும் தேதிகள் ஒளிந்திருக்கின்றன. கடபயாதி முறைப்படி சமஸ்கிருத மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கமலம் என்ற சொல்லில் 'க' 1, 'ம' 5, 'ல' 3. எனவே கமலம் என்றால் 351. இவ்வாறு தந்திரசங்கிரகத்தின் தொடக்க வாழ்த்தைப் படித்தால் கலியுகம் பிறந்து 16,80,548 நாள் என்று வருகிறது. முடிவு வாழ்த்து 16,80,553 என்கிறது. முதலாவது 1500 மார்ச் 22. இரண்டாவது மார்ச் 27. நீலகண்டருக்கு அப்போது 55 வயது நிறைந்திருந்தது.

அதே மார்ச் மாதம் 9-ஆம் நாள் லிஸ்பனிலிருந்து கப்ராலின் போர்த்துகீசியக் கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்பட்டிருந்தது. நூல் பிறந்த அந்த வாரத்தில் படை அட்லாண்டிக் கடலில் இருந்தது. செப்டம்பரில் கோழிக்கோடு வந்தது. டிசம்பரில் நகரைப் பீரங்கியால் தாக்கியது. வாஸ்கோ ட காமா வந்திறங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கடற்கரை இப்படிக் கொந்தளித்த காலத்தில்தான், அதிலிருந்து சிறிது தொலைவில், திரிக்கண்டியூரில் இந்தக் கணக்குகள் நடந்தன. பின்னாளில் இந்தக் கரைக்கு வந்த இயேசு சபையினர் வழியாகக் கேரளக் கணிதம் ஐரோப்பா போயிற்று என்று சிலர் கருதுகிறார்கள். அதற்கு நேரடிச் சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

தந்திரசங்கிரகத்தின் பெரும் புதுமை புதன், சுக்கிரன் கணக்கில் இருக்கிறது.

பழைய இந்திய வானியலில் ஒவ்வொரு கோளுக்கும் இரண்டு திருத்தங்கள் உண்டு. மந்தத் திருத்தம் கோளின் வேகம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதைச் சரிசெய்வது. சீக்கிரத் திருத்தம், சூரியனைச் சுற்றும் கோளைப் பூமியிலிருந்து பார்ப்பதால் வரும் வேறுபாட்டைச் சரிசெய்வது. செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தியது. புதனும் சுக்கிரனும் எப்போதும் சூரியனை ஒட்டியே தெரிவதால், சூரியனின் சராசரி இயக்கத்தையே அவற்றின் சராசரி இயக்கம் என்று கொண்டார்கள். மந்தத் திருத்தத்தையும் அதற்கே செய்தார்கள். புதனின் சொந்தச் சுற்று 88 நாள், சுக்கிரனுடையது 225 நாள். அந்தச் சொந்தச் சுற்றை 'சீக்கிரோச்சம்' என்ற பெயரில் தனியே வைத்திருந்தார்கள். விளைவாக, கோளுக்குச் செய்ய வேண்டிய திருத்தம் சூரியனுக்குப் போய்ச் சேர்ந்தது.

நீலகண்டர் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார். கோள் சூரியப் பாதையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும்போது, அதே பழைய நூல்கள் புதன், சுக்கிரனுக்குச் சீக்கிரோச்சத்தைத்தான் எடுத்துக்கொண்டன. ஒன்றின் இயக்கத்தை வைத்து இன்னொன்றின் விலகலை எப்படிக் காண முடியும் என்று கேட்டார். சீக்கிரோச்சம் எனப்படுவதே கோளின் சராசரி இயக்கம். மந்தத் திருத்தத்தை அதற்குத்தான் செய்ய வேண்டும் என்று மாற்றினார். இதனால் ஐந்து கோள்களுக்கும் ஒரே விதி கிடைத்தது. அந்த விதி காட்டும் வடிவத்தைப் பிற்கால நூல்களில் விளக்கினார்: ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுகிறது.

பூமி அசைகிறது என்று அவர் சொல்லவில்லை. அவருடைய அண்டத்தின் நடுவில் பூமியே இருந்தது. டென்மார்க்கின் டைக்கோ பிராகே 1588-இல் வெளியிட்ட அமைப்பும் ஏறக்குறைய இதே வடிவம்தான். உள்கோள்களின் மந்தத் திருத்தத்தை ஐரோப்பிய வானியல் சரியாகக் கையாளத் தொடங்கியது கெப்ளரோடுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கே. இராமசுப்பிரமணியன், எம்.டி. ஸ்ரீனிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகிய மூவர் 1994-இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

முதுமையில் நீலகண்டர் ஆரியபடீயத்துக்கு ஒரு பேருரை எழுதினார். 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபடர், விட்டம் 20,000 ஆனால் சுற்றளவு 62,832 என்று சொல்லி, இது அண்மையான மதிப்பு என்றும் குறித்திருந்தார். ஏன் சரியான மதிப்பைத் தராமல் அண்மையானதைத் தந்தார்? நீலகண்டரின் விடை வியக்கவைப்பது. விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் ஓர் அலகை எடுத்துக்கொண்டால், அதே அலகால் சுற்றளவை அளக்கும்போது மிச்சம் விழும். சுற்றளவை மிச்சமில்லாமல் அளக்கும் அலகு, விட்டத்தில் மிச்சம் விடும். அலகை எவ்வளவு சிறிதாக்கினாலும் மிச்சம் சிறிதாகுமே தவிர, அற்றுப்போகாது. பை என்ற எண்ணைப் பின்னமாக எழுத முடியாது என்று இன்று நாம் சொல்வதன் உள்ளடக்கம் இதுவே. நீலகண்டர் இதற்கு நிறுவல் தரவில்லை. ஐரோப்பாவில் லாம்பர்ட் இதை நிறுவியது 18-ஆம் நூற்றாண்டில்.

அதே உரையில் இன்னொரு கேள்வி: முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் தொகை எப்படி ஓர் எல்லைக்குள் நிற்கும்? கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டினால் மொத்தம் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. எப்படி? மூன்றில் ஒன்றிலிருந்து காலைக் கழித்தால் பன்னிரண்டில் ஒன்று மிஞ்சும். அதிலிருந்து பதினாறில் ஒன்றைக் கழித்தால் நாற்பத்தெட்டில் ஒன்று. ஒவ்வொரு படியிலும் மிச்சம் முந்தையதில் கால்பங்கு ஆகிறது. மிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாகும். ஆகவே தொகை மூன்றில் ஒன்றைத் தாண்டவும் முடியாது, அதற்குக் குறைவான எதிலும் நிற்கவும் முடியாது. பள்ளி மாணவர் எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கில் எல்லை என்ற கருத்து தெளிவாக நிற்கிறது.

மாதவனின் தொடரோ இன்னும் கடினம். ஒன்றில் தொடங்கி மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று போனால் பையின் கால்பங்கு கிடைக்கும். ஆனால் அது மிக மெதுவாக நெருங்கும். நூறு உறுப்புகள் கூட்டினாலும் பையின் மதிப்பில் இரண்டாவது தசம இலக்கத்திலேயே பிழை இருக்கும். இதற்காகவே கடைசியில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்க்கும் உத்தியையும் இந்த மரபினர் கண்டுபிடித்தார்கள். விட்டம் 90,000 கோடி ஆனால் சுற்றளவு 2,82,743 கோடியே 33,88,233 என்பது மாதவனின் பெயரில் வழங்கும் மதிப்பு. வகுத்துப் பார்த்தால் 3.14159265359, பதினோரு தசம இலக்கங்களும் சரி.

1504-இல் நீலகண்டர் எழுதிய 'ஜோதிர்மீமாம்சை' வானியல் அறிவு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராயும் நூல். வானியல் நூல்கள் தெய்வம் அருளியவை, ஆரியபடருக்குப் பிரம்மனே உபதேசித்தார், ஆகவே அவற்றில் கைவைக்கக் கூடாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நீலகண்டர் தெய்வ அருளை மறுக்கவில்லை. ஆனால் அருள் என்பது புத்தியைத் தெளிவாக்குவதுதான். பிரம்மன் நேரில் வந்து எண்களைச் சொல்லிப் போவதில்லை என்கிறார். சித்தாந்தங்கள் எனப்படும் வானியல் நூல்கள் ஒன்றோடொன்று வேறுபடுகின்றன. எந்த நூலின் எண்களும் எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடுவதில்லை. கிரகணங்களைப் பார்த்துச் சோதித்து, வேறுபாடு கண்டால் புதிய மதிப்புகளை அமைத்து, அதை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அவர்கள் மேலும் சோதித்துத் திருத்த வேண்டும். இப்படித் திருத்திக்கொண்டே போகும் தொடர்ச்சிதான் அவர் கண்ணில் மரபு. பரகிதம் பரமேசுவரனின் திருக்கணிதத்துக்கு வழிவிட்டதும், அதற்கு மேலும் தாமே திருத்தியதும் நீலகண்டருக்கு ஒரே செயலின் படிகள்.

அடுத்த தலைமுறை அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. தாமோதரனிடம் கற்ற ஜேஷ்டதேவன், 1530 வாக்கில், தந்திரசங்கிரகத்தை அடியொற்றி 'யுக்திபாஷை' எழுதினார். கணித நூல் என்றால் சமஸ்கிருதச் செய்யுள் என்றிருந்த காலத்தில் இவர் மலையாள உரைநடையைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு விதிக்கும் ஏன், எப்படி என்று படிப்படியாக நிறுவிக்காட்டினார். மாதவனின் தொடர்களுக்கு முழு நிறுவல் இந்த நூலில்தான் கிடைக்கிறது. தந்திரசங்கிரகத்துக்கு விரிவான உரை எழுதியவர் சங்கர வாரியர். ஜேஷ்டதேவனின் மாணவர் திரிக்கண்டியூர் அச்சுத பிஷாரடி. 'நாராயணீயம்' பாடிய மேல்புத்தூர் நாராயண பட்டத்திரிக்கு ஆசிரியர் அவரே. வாரியரும் பிஷாரடியும் நம்பூதிரிப் பிராமணர்கள் அல்லர். கோயில் பணி செய்யும் அம்பலவாசிச் சமூகத்தினர். அந்தக் காலச் சாதி ஒழுங்குக்குள்ளேயே ஆனாலும், இந்தக் கல்வி ஒரு வரம்பைத் தாண்டியிருக்கிறது.

தமிழகத்துக்கும் நீலகண்டருக்கும் நேரடி உறவு உண்டு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஆதாரமான 'வாக்கியகரணம்' 1300-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த நூல். சந்திரன் ஏறத்தாழ 248 நாளில் ஒன்பது சுற்றுகளை முடித்து வேகத்தின் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த 248 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு தொடர், கடபயாதி முறையில், மனப்பாடம் செய்ய ஏற்றபடி அமைந்தது. இந்தத் தொடர்களே வாக்கியங்கள். வாக்கியகரணத்துக்கு உரை எழுதியவர் தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், நீலகண்டரின் சமகாலத்தவர். வானியலில் தமக்கெழுந்த ஐயங்களைச் சுந்தரராஜர் நீலகண்டருக்கு எழுதிக் கேட்டார். நீலகண்டர் அளித்த விடைகள் 'சுந்தரராஜ பிரச்னோத்தரம்' என்ற நூலாயின. தமிழ்நாட்டு வாக்கிய மரபும் கேரளத்துத் திருக்கணித மரபும் அன்று ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொண்டன.

வாக்கிய மரபின் வலிமையை 1825-இல் பிரித்தானியப் படையின் அதிகாரி ஒருவர் பதிவு செய்தார். சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை சில நிமிடங்கள்தாம். அந்த ஆண்டு வாரன் சென்னையில் அச்சிட்ட 'காலசங்கலிதம்' என்ற நூலில் கேரளத் தொடர்கள் பற்றிய குறிப்பும் உண்டு. ஐரோப்பியரிடமிருந்து கற்றதாக இருக்கும் என்ற சந்தேகமும் அதில் கூடவே இருந்தது.

தென் மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த சார்லஸ் விஷ் ஓலைகளைத் தாமே திரட்டிப் படித்து, வேறு முடிவுக்கு வந்தார். தந்திரசங்கிரகம், யுக்திபாஷை, கரணபத்ததி, சத்ரத்னமாலை ஆகிய நான்கு நூல்களில் உள்ள தொடர்களை விவரித்து அவர் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் ஆசியக் கழகம் 1834-இல் அச்சிட்டது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்டுரையைக் கணித உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மீட்டெடுத்தவர்களில் முதன்மையானவர் திருவல்லிக்கேணியில் பிறந்த சி.டி. ராஜகோபால். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பின்னர் இராமானுஜன் கணிதக் கழகத்தின் இயக்குநர். 1940-களிலிருந்து முகுந்த மாரார் உள்ளிட்டோருடன் சேர்ந்து, இந்த நிறுவல்களை இன்றைய கணித மொழியில் எழுதி வெளியிட்டார். 1948-இல் ராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் யுக்திபாஷையின் கணிதப் பகுதியைத் திருச்சூரில் பதிப்பித்தார்கள். சுந்தரராஜரின் உரையோடு வாக்கியகரணத்தை 1962-இல் சென்னையில் வெளியிட்டவர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும்.

கே.வி. சர்மா இந்தத் துறைக்கே வாழ்வைக் கொடுத்தவர். தந்திரசங்கிரகம், ஜோதிர்மீமாம்சை முதலியவற்றை ஹோஷியார்பூரில் 1977-இல் பதிப்பித்தார். பணி ஓய்வுக்குப் பின் சென்னை அடையாற்றில் ஓர் ஆய்வு மையம் அமைத்துத் தொடர்ந்து உழைத்தார். 2005-இல் அவர் மறைந்த பிறகு, 2008-இல், அவருடைய யுக்திபாஷை ஆங்கில மொழிபெயர்ப்பு விளக்கங்களோடு வந்தது. தந்திரசங்கிரகத்தின் 500-ஆம் ஆண்டை 2000 மார்ச்சில் கருத்தரங்கு வைத்துக் கொண்டாடியது சென்னைப் பல்கலைக்கழகம். இராமசுப்பிரமணியனும் ஸ்ரீராமும் செய்த முழு மொழிபெயர்ப்பு 2011-இல் வெளியானது.

செய்ய வேண்டியது இன்னும் மலையளவு இருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 400-க்கு மேற்பட்ட சுவடித் தொகுப்புகளைச் சர்மா ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட பட்டியலில் 12,244 அறிவியல் சுவடிகளிலிருந்து 3,473 நூல்கள் இடம்பெற்றன. அவற்றுள் அச்சேறியவை மிகச் சிலவே. மற்றவற்றைப் படிக்க சமஸ்கிருதமும் மலையாளமும் கிரந்த எழுத்தும் கோளக் கணிதமும் ஒருங்கே தெரிந்தவர்கள் வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் இதற்கென ஒரு பிரிவு இயங்குகிறது. சுவடிகளை வைத்திருக்கும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இத்தகைய பயிற்சி இன்னும் பெருக வேண்டும். தேடப்படும் நூல்களின் வரிசையில் 'சுந்தரராஜ பிரச்னோத்தரம்' இருக்கிறது. தமிழ்நாட்டு வானியலார் ஒருவர் என்னென்ன கேட்டார், நீலகண்டர் ஒவ்வொன்றுக்கும் என்ன விடை சொன்னார் என்பதைக் காட்டும் அந்தச் சுவடி இதுவரை கிடைக்கவில்லை.